செம்பருத்தி இலைக்குள் மறையாமல் இருக்க

கேள்வி: வீட்டுச் செம்பருத்தியைக் கலரில் எடுத்தால் பளிச்சென்று இருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் பூவும் இலையும் ஒன்றாகிவிடுகின்றன. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியும் பிரியவில்லை. என்ன செய்வது?

பதில்: சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்குத்தான் எதிரெதிர். செம்பருத்தி இதழின் வெளிச்ச அளவும் இலையின் வெளிச்ச அளவும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே சாம்பல். ஒரே சாம்பலாக இருப்பதைக் கான்ட்ராஸ்ட் எப்படிப் பிரிக்கும்?

ஏற்கெனவே எடுத்த படங்களைக் கலர் ஃபைலிலிருந்து மறுபடி மாற்றுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்குப் போன பிறகும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் உண்டு. சிவப்பை ஏற்றி, பச்சையை இறக்குங்கள். மஞ்சளையும் இறக்க வேண்டும். வெயில் பட்ட இலையில் நாம் நினைப்பதைவிட மஞ்சள் அதிகம். பூ வெளுக்கும், இலை கறுக்கும். பிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்த வேலைதான் இது. ஆனால் ஒரேயடியாக இழுத்தால் இதழ் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், இருண்ட இடங்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும்.

அதனால் இனி எடுக்கும்போது ஸ்லைடரை நம்பிப் போகாதீர்கள். வெளிச்சத்தைத் தேடுங்கள். பூ காலையில் விரிந்ததும் போய், வெயில் பூவின் மேலும், நிழல் பூவுக்குப் பின்னாலும் விழுகிற கோணத்தைப் பிடியுங்கள். சில சமயம் ஓரடி தள்ளி உட்கார்ந்தாலே கிடைத்துவிடும். நேர் வெயிலுக்கும் நிழலுக்கும் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) வித்தியாசம் இருக்கும். பூவின் வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமரா உள்ளே விடும் வெளிச்ச அளவு) வைத்தால் பின்னணி தானாக இருண்டுவிடும். நிழல் அமையவில்லையா? கறுப்பு வெல்வெட் துணியைப் பூவுக்கு இரண்டு மூன்றடி பின்னால், வெயில் படாமல் தொங்கவிடுங்கள். சாதாரணப் பருத்தித் துணி வெளிச்சத்தைத் திருப்பி அடித்துச் சாம்பலாகத் தெரியும், மடிப்பும் காட்டிக்கொடுக்கும்.

அப்பெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்) அகலமாகத் திறந்து பின்னணியை மங்கலாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மங்கிய சாம்பலும் சாம்பல்தானே! முதலில் வெளிச்ச வித்தியாசம், அப்புறம்தான் மங்கல்.

கேமராவை ரா (RAW, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ஃபைல்) ஃபார்மட்டில் வைத்து, பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமுக்கு, அதாவது கறுப்பு வெள்ளைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும். இலைக்குள் பூ மறைவதை அங்கேயே பார்த்து இடம் மாறலாம். நான் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவற்றில் இதுபோல் பயன்பட்டது வேறில்லை.

செம்பருத்திக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பதியும் மூன்று சேனல்களில், சிவப்பு சேனல் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும். நிரம்பினால் இதழின் நரம்புகள் போய்விடும், பிறகு மீட்க முடியாது. பிக்சர் ஸ்டைலைக் கொஞ்ச நேரம் கலருக்கு மாற்றி, ஹிஸ்டோகிராமில் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள்; மோனோக்ரோமில் அது தனியாகத் தெரியாது. வலது ஓரத்தில் முட்டினால் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

போனில் எடுப்பவரானால் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். நடுத்தண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப் புள்ளிகளைப் பல நேரம் பின்னணி என்று நினைத்து அவற்றையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.