கோக்டவுன் கட்டுரையில் விமர்சனத்தைக் கொண்டுவர

சார்லஸ் டிக்கன்ஸின் கற்பனைத் தொழில்நகரமான கோக்டவுனின் புகையையும் கால்வாயையும் விவரித்துவிட்டீர்கள், தொழில்மயம் மீதான விமர்சனம் எங்கே என்று உங்கள் ஆசிரியர் கேட்டது நியாயம்தான். அந்த ஊர் வரும் 'ஹார்ட் டைம்ஸ்' (1854) நாவலின் முதல் பகுதியின் 5-ஆம் அத்தியாயத்தைத் திறந்து, ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் 'இதனால் பாதிக்கப்படுவது யார்?' என்று எழுதுங்கள். சிறையும் மருத்துவமனையும் அடையாளம் தெரியாதபடி ஒன்றுபோல் இருக்கின்றன. நோயாளியும் கைதியும் அந்த ஊருக்கு ஒன்றுதான். நீராவி எந்திரத்தின் தண்டு, சோகப்பித்துப் பிடித்த யானையின் தலைபோல மேலும் கீழும் அசைகிறது. எந்திரத்துக்கு உயிர் வருகிறது, தொழிலாளிகளோ வெறும் 'கைகள்' ஆகிவிடுகிறார்கள். இந்தத் தலைகீழ்தான் உங்கள் மையவாதம்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நெசவாளி ஸ்டீபன் பிளாக்பூல் விழும் பாழடைந்த சுரங்கக்குழிவரை போங்கள். அந்தக் குழி வேலை நடந்தபோதும் ஆளைக் கொன்றது, கைவிட்ட பிறகும் கொல்கிறது என்று சாகும் தறுவாயில் அவனே சொல்கிறான். அந்த வசனத்தை முடிவுரைக்கு முந்தைய பத்தியில் வையுங்கள்.