ஆகஸ்ட் 15 காலையில் எங்கள் வீட்டில் ஓடும் ஆல்பம்

“சுதந்திர தினத்தன்று நீங்கள் தவறாமல் கேட்கும் பாட்டு அல்லது ஆல்பம் எது? ஏன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏ.ஆர்.ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997இல் ஆகஸ்ட் மாதம் சோனி நிறுவனம் வெளியிட்டது. ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வேலூருக்குப் பக்கத்தில், கணியம்பாடியை ஒட்டி. ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள், ஏனென்றால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்து வந்திருப்பார். என் அப்பாவும் சிப்பாய். அந்த வருஷம் தீபாவளி லீவில் காட்பாடியில் வந்து இறங்கியபோது, பேரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள், கம்பளி சாக்ஸில் சுற்றி இந்த கேசட்டைக் கொண்டுவந்தார். ஜம்முவில் வாங்கியதாம். மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய டூ இன் ஒன் ஒன்று வீட்டில் இருந்தது. அதில்தான் முதலில் கேட்டோம்.

அப்பாவுக்கு இந்தி தெரியும், எங்களுக்குத் தெரியாது. அதனால் ‘மா துஜே சலாம்’ ஓடும்போது அவர் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த இந்தி வரிகள் மெஹபூப் எழுதியவை. அதே மெட்டு அதே ஆல்பத்தில் ‘தாய் மண்ணே வணக்கம்’ என்று தமிழிலும் வந்தபோது எங்கள் ஆயா (பாட்டி) நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தியில் தலைப்பில் மண் கிடையாது. அம்மா, உனக்கு சலாம், அவ்வளவுதான். தமிழில் மண்ணும் சேர்ந்துவிட்டது. ஆயா மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கப் போனால் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் விதையைத் தொடுவார். அவருக்கு அந்தப் பாட்டில் விளக்கிச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. “இன்னா நைனா, இந்தப் பையன் தொண்டை கிழியக் கூப்புடறான்” என்று அப்பாவிடம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அது சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அந்த மேல் ஸ்தாயிக்கு வேறொரு கனத்த குரலை வைத்திருக்கலாம். ரஹ்மான் தானே பாடினார். உச்சியைத் தொடும் இடத்தில் அந்தக் குரல் லேசாகக் கரகரக்கும். தூரத்திலிருந்து ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டால் குரல் அப்படித்தான் இருக்கும். ஆல்பத்தை அவரோடு சேர்ந்து உருவாக்கிய பரத் பாலா, பதிவு நடந்த விதத்தைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரம்ஜான் மாதத்து இருபத்தேழாம் இரவு, மணி இரண்டு இருக்கும், ஸ்டூடியோவில் சவுண்டு இன்ஜினியர் இல்லை. பரத் பாலாவே இயந்திரத்தின் முன்னால் உட்கார, ரஹ்மான் உள்ளே போய்ப் பாடியிருக்கிறார். வேலூர்க்காரர்களுக்கு அந்த இரவு தெரியும். மசூதிகளில் விடிய விடிய விளக்கு எரியும், தெருவெல்லாம் தொழுகைக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பாடியது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாட்டு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

1999இல் கார்கில் போர் வந்தது. மே கடைசியிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் எஸ்.டி.டி. பூத் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவிடமிருந்து மூன்று வாரம் போன் இல்லை. நான் ஒருநாள் தெரியாத்தனமாக அந்த கேசட்டைப் போட்டுவிட்டேன். ஆயா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தி நிறுத்தினார். “அம்மா அம்மான்னு கத்தறான்டா. வயித்தக் கலக்குது. வேணாம்” என்றார். அதற்கப்புறம் கேசட் அலமாரி மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அப்பா செப்டம்பரில் லீவில் வந்தார். இளைத்திருந்தார். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆயாதான், “அந்தப் பாட்டைப் போடு” என்றார்.

தமிழ்ப் பாட்டு முடிந்ததும் அப்பா அதே கேசட்டில் தேடிப் போட்டது வேறொரு பாட்டு: ‘குருஸ் ஆஃப் பீஸ்’. பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கான் ரஹ்மானோடு பாடியது. எல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். அர்த்தம் கேட்டேன். “சந்திரன், சூரியன், லட்சம் நட்சத்திரம் எல்லாமே உன்னோடதுதான்னா, அப்புறம் எதுக்குச் சண்டைன்னு கடவுளைக் கேக்கறாரு” என்றார். நுஸ்ரத் 1997 ஆகஸ்ட் 16 அன்று, பொன்விழாவுக்கு மறுநாள், லண்டனில் இறந்துபோனார். அதையும் அன்றுதான் அப்பா சொன்னார். தேசபக்தி ஆல்பம் என்று எத்தனையோ வந்திருக்கின்றன. எதிர்ப் பக்கத்துப் பாடகரை இப்படி நடுவில் உட்காரவைத்த இன்னொன்றை நான் கேட்டதில்லை. எனக்கு இந்த ஆல்பம் பெரியதாகத் தெரிவது முக்கியமாக இதனால்தான்.

பங்கிம் சந்திரரின் பழைய ‘வந்தே மாதரம்’, 1882இல் வெளியான ‘ஆனந்த மடம்’ நாவலில் வருவது, இதில் ‘ரிவைவல்’ என்ற பெயரில் இருக்கிறது. நிதானமாகப் பாடப்பட்டிருக்கும். மீதிப் பாட்டுகளை நான் அடிக்கடி கேட்பதில்லை.

அப்பா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வேலூருக்குப் போகும்போது பஸ் மக்கான் சந்திப்புப் பக்கம் வந்தால், சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்து முதுகை நிமிர்த்தி உட்காருவார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்தவர்களும் சிப்பாய்கள்தானே. தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையைப் போட மாட்டோம், திருநீற்றையும் தாடியையும் விட மாட்டோம் என்று நின்றவர்கள்.

ஆயா இப்போது இல்லை. கேசட்டும் ஓடாது, நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. டிரங்குப் பெட்டியில் அப்படியே வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் 15 காலையில் ஊரில் கொடியேற்றிவிட்டு வந்ததும் அப்பா தன் போனில் போடுவார். முதலில் ‘தாய் மண்ணே வணக்கம்’, அடுத்தது நுஸ்ரத். நீங்கள் புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் அந்த வரிசையிலேயே கேளுங்கள்.