உங்கள் டெலிபோன் லைனில் எவ்வளவு வேகம் வரும்? கேள்வி பதில்

ஃபைபர் இன்னும் வராத தெருக்களில் பிராட்பேண்ட் இன்றைக்கும் பழைய தாமிரக் கம்பியில்தான் ஓடுகிறது. கேபிள் ஜாயின்ட் போடுவதில் தொடங்கி பிராட்பேண்ட் ஃபால்ட் பார்ப்பது வரை 26 வருடம் டெலிபோன் லைனோடு இருந்தவன் நான். கேள்வி அனுப்பும்போது மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் மூன்று எண்களையும் எழுதச் சொல்லியிருந்தேன்: சிங்க் வேகம் (மோடமும் எக்ஸ்சேஞ்சும் பேசி ஒத்துக்கொண்ட வேகம்), அட்டென்யுவேஷன் (வழியில் சிக்னல் எத்தனை டெசிபெல் குறைகிறது), எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு உள்ள மிச்சம்). எழுதியவர்களுக்கு நன்றி. பாதி பதில் அந்த எண்களிலேயே இருந்தது.

கேள்வி (தஞ்சாவூர்): அண்ணா, 8 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். எதை டவுன்லோடு செய்தாலும் நொடிக்கு 850 கேபிக்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை தம்பி, உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. பிளானில் எழுதியிருப்பது பிட் கணக்கு, டவுன்லோடில் தெரிவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அப்படி வகுத்தால் 1000 கேபி வர வேண்டும், சரிதான். ஆனால் ஏடிஎஸ்எல் (டெலிபோன் கம்பியில் இன்டர்நெட் அனுப்பும் முறை) லைனில் எல்லாமே 53 பைட் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொன்றிலும் 5 பைட், எங்கே போக வேண்டும் என்ற விவரத்துக்கே சரியாகிவிடும். மேலே பிபிபிஓஇ, டிசிபி என்ற இணைப்பு விதிமுறைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் கைக்கு வருவது நூற்றுக்கு 85, 86 தான். உங்கள் லைன் நல்ல லைன், அதை மாற்ற வேண்டாம்.

கேள்வி (புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம்): சார், 24 எம்பிபிஎஸ் வரை கிடைக்கும் என்றார்கள். எனக்கு சிங்க் 3 எம்பிபிஎஸ்தான். அட்டென்யுவேஷன் 56, மார்ஜின் 7. பெரிய பிளானுக்கு மாறினால் கூடுமா?

பதில்: கூடாது. தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

24 என்பது ஏடிஎஸ்எல்லின் புதிய வடிவமான ஏடிஎஸ்எல்2+ முறையின் உச்சம். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்குத்தான் அந்த அளவு கிடைக்கும். பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். இன்டர்நெட் அதற்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை, 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடுகிறது. அலைவரிசை ஏற ஏறக் கம்பியில் சிக்னல் சீக்கிரமே கரைந்துவிடும். அரை மில்லிமீட்டர் கம்பி என்றால் கிலோமீட்டருக்கு 14 டெசிபெல் போகும் என்பது எங்கள் கைக்கணக்கு. உங்கள் 56-ஐ 14-ஆல் வகுத்தால் 4 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் மேல் பாதி வாய்க்கால்கள் காய்ந்தே கிடக்கும். அதனால்தான் 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய ஏடிஎஸ்எல்லுக்கும் ஏடிஎஸ்எல்2+க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்ற கணக்கு. 6 இருந்தால் லைன் நிற்கும். 10-க்கு மேல் நிம்மதி. 7-ல் நிற்கும் உங்கள் லைன் தன்னால் முடிந்ததை முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். உங்கள் வீடு நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டர்தான், ஆனால் கேபிள் ஊரைச் சுற்றிப் போகிறது என்றால், வேறு பில்லரிலிருந்து (தெருவில் கேபிள் பிரியும் பெட்டி) கம்பி ஜோடி கிடைக்குமா என்று லைன்மேனிடம் கேளுங்கள். அப்படி மாற்றிக் கொடுத்து வேகம் இரட்டிப்பானதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஐயா, மழை பெய்தால் நெட் விட்டுவிட்டு வருகிறது. மழை நின்று 3 நாள் ஆனதும் தானே சரியாகிறது. மூன்று முறை புகார் கொடுத்தேன். வருகிறவர்கள் வெயிலில் வந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போய்விடுகிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. இந்த ஃபால்ட்தான் என்னையும் அதிகம் அலைய வைத்தது.

உங்கள் லைனில் எங்கோ ஒரு ஜாயின்டில் தண்ணீர் இறங்குகிறது. ஜெல்லி அடைத்த கேபிளில் கம்பியோடு தண்ணீர் ஓடாது. ஆனால் வெட்டி ஒட்டிய இடத்தில் உறை சரியாக மூடவில்லை என்றால் அந்த ஜெல்லியால் பயனில்லை. ஒரு ஐப்பசி மழையில் குழியை இறைத்துவிட்டு ஒரு ஜாயின்டைப் பிரித்தேன். முறுக்கிய கம்பி முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டதும் இரண்டு முனை உதிர்ந்து கையோடு வந்தன. அந்தக் கம்பியில்தான் ஒரு தெருவே பேசிக்கொண்டிருந்தது. பேச்சு எப்படியோ போய்விடும், இன்டர்நெட் போகாது.

இப்போது செய்ய வேண்டியது: மழை பெய்யும்போதே போனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில நொடி அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் கரகரவென்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், புகாரில் 'நெட் ஸ்லோ' என்று எழுதாதீர்கள், 'போனில் இரைச்சல்' என்று எழுதுங்கள். நெட் ஸ்லோ என்றால் மோடத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரைச்சல் என்றால் கேபிளைச் சோதித்தாக வேண்டும். அந்தச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து, மோடம் பக்கத்தையும் மழையிலும் வெயிலிலும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். வெயிலில் வருகிறவருக்குக் காட்ட அது போதும்.

கேள்வி (கும்பகோணம்): எங்கள் வீட்டில் விசித்திரம். நெட் மோசமாகும்போது போனில் யாரிடமாவது 5 நிமிடம் பேசினால் சரியாகிவிடுகிறது! நம்புவீர்களா?

பதில்: கண்டிப்பாக நம்புகிறேன். மேலே சொன்ன அதே பச்சைதான், இது ஆரம்பக் கட்டம். ரிசீவரை எடுத்ததும் லைனில் கொஞ்சம் நேர் மின்சாரம் ஓடும். அது ஜாயின்டில் படிந்த மெல்லிய படலத்தை உடைத்துவிடும். ரிசீவரை வைத்ததும் மெல்ல மறுபடி படியும். இதை அப்படியே லைன்மேனிடம் சொல்லுங்கள். அனுபவமுள்ளவர் நேராக டிபி பாக்ஸை (வீடுகளுக்குக் கம்பி பிரியும் பெட்டி) திறந்து முனைகளைச் சுத்தம் செய்வார்.

கேள்வி (திருச்சி): அண்ணா, பகலில் நன்றாக இருக்கிறது, மாலை 7 மணிக்கு மேல் தவழ்கிறது. லைன் ஃபால்டா, கூட்டமா?

பதில்: காலை 11 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சிங்க் வேகத்தையும் மார்ஜினையும் எழுதி வையுங்கள். இரண்டு நேரமும் ஒன்றேபோல் இருந்து வேகம் மட்டும் குறைந்தால், உங்கள் கம்பியில் குற்றமில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு அந்தப் பக்கம் நெரிசல். வீட்டில் என்ன மாற்றினாலும் அது தீராது.

மார்ஜின் 12-லிருந்து 4-க்கு இறங்கினால் ஏதோ இரைச்சல் உள்ளே வருகிறது. பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, டெலிபோன் வயரை ஒட்டியே நடங்கள். ஒரு வீட்டில் பூஜை அறைப் பக்கம் போனதும் ரேடியோ கிர்ர்ர் என்று கத்தியது. சீரியல் பல்பு அடாப்டரைக் கழற்றினோம், சத்தம் நின்றது, மார்ஜின் அங்கேயே 5 டெசிபெல் ஏறியது. மாலை 6 மணிக்கு விளக்கேற்றும்போது அந்த பல்பையும் போடுவார்கள்!

திருச்சிக்காரர் என்பதால் இன்னொன்று. உங்கள் ஊர் வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. ஏடிஎஸ்எல்லின் 217-வது வாய்க்கால் சரியாக அங்கேதான் விழுகிறது. மோடத்தில் வாய்க்கால்வாரியாகப் பிட் எண்ணிக்கை காட்டும் வரைபடம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியலாம். பயப்பட வேண்டாம், மோடம் அதை விட்டுவிட்டு மற்றதில் ஓட்டிக்கொள்ளும்.

கேள்வி (லண்டன், ஹாரோ): இங்கே தெருமுனைக் கேபினட் வரை ஃபைபர், அப்புறம் தாமிரம். 80 என்று விற்றார்கள், 48 தான் வருகிறது. மாடியில் இரண்டு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது.

பதில்: உங்களுடையது விடிஎஸ்எல்2, ஏடிஎஸ்எல்லைவிட வேகமான முறை. 17 மெகாஹெர்ட்ஸ் வரை போவதால் சில நூறு மீட்டரே அதற்குத் தூரம்தான். முதலில் மாஸ்டர் சாக்கெட்டின் (வெளிக் கம்பி வீட்டுக்குள் வந்து சேரும் சாக்கெட்) முகப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் டெஸ்ட் சாக்கெட்டில் மோடத்தை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். வேகம் ஏறினால் குற்றம் வீட்டு வயரிங்கில். உங்கள் ஊரில் 3-ஆம் முனையில் மணியடிப்பதற்கென்று ஒரு தனி வயர் எக்ஸ்டென்ஷனுக்குப் போகும். இப்போதைய போன்களுக்கு அது தேவையில்லை, ஆனால் ஆண்டெனா மாதிரி இரைச்சலை இழுத்துக்கொண்டு வரும். அதைக் கழற்றிவிடலாம். எக்ஸ்டென்ஷன் பக்கம் மட்டும் கை வையுங்கள், வெளியிலிருந்து வரும் கம்பியைத் தொட வேண்டாம்.

கேள்வி (சேலம்): விலை உயர்ந்த மோடம் வாங்கினால் வேகம் கூடுமா?

பதில்: மோடம் கம்பியைக் குட்டையாக்காது. இருப்பது மிகப் பழையது என்றால் மட்டும் மாற்றுங்கள். அதைவிட, எல்லா போனுக்கும் முன்னால், பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஒரே ஸ்பிளிட்டர் வைத்து, முறுக்கிய ஜோடி வயரில் மோடத்துக்குத் தனி லைன் இழுங்கள். இடி வரும்போல் தெரிந்தால், இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்றிவிடுங்கள், பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

கேள்வி (கடலூர்): வாசலுக்கு ஃபைபர் வந்துவிட்டது. அம்மாவுக்கு 78 வயது, பழைய போனை விட மாட்டேன் என்கிறார். புயலில் கரண்ட் போனாலும் அது வேலை செய்யும் என்கிறார்.

பதில்: அம்மா சொல்வது முற்றிலும் சரி. தாமிர லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வரும், வீட்டுக் கரண்ட் வேண்டாம். ஃபைபருக்கு மாறுங்கள், 4 கிலோமீட்டர் என்ன, 10 கிலோமீட்டரானாலும் வேகம் குறையாது. ஆனால் அதே நாளில் ஃபைபர் பெட்டிக்கு (ரூட்டர்) ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். ஃபைபர் பெட்டியின் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் எழுதியிருக்கும், பெரும்பாலும் 12 வோல்ட். அதையே பார்த்து வாங்குங்கள். போனை அந்தப் பெட்டியின் டெலிபோன் துளையில் செருகி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அம்மாவையே ஒரு கால் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு பழைய லைனை ஒப்படைக்கலாம்.