கர்த்தரை நம்புகிறவர்கள் அரிசி மூட்டை வாங்கி வைக்கலாமா?

கேள்வி இது: "ரங்கூனில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை, வாரக் கூலி. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கூலி வந்த கையோடு ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட்டோம். அதைப் பார்த்த சபை மூப்பர் ஒருவர், 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று வசனம் இருக்கிறதே' என்று சொல்லிவிட்டார். மனசு உறுத்துகிறது. கர்த்தரை நம்பி எளிமையாக வாழ்வதென்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?"

சகோதரி, தாராளமாக வாங்கி வையுங்கள். மூப்பர் சொன்ன மத்தேயு 6:34 கவலையை விடச் சொல்கிறது. அரிசிப் பானையைக் காலியாக வைக்கச் சொல்லவில்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-ல் கேட்பவரும் அதே இயேசுதான். ஆனாலும் மூப்பர் கேட்டதைத் தள்ளிவிட வேண்டாம். எவ்வளவு வைத்தால் போதும், எந்த இடத்தில் அது பயத்தில் சேர்ப்பதாக மாறுகிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்த எல்லையை வேதம் அளவு போட்டே காட்டுகிறது.

நீதிமொழிகள் 30-ல் ஆகூர் என்பவர் தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று வேண்டுகிறார். படி என்ற சொல்லைக் கவனியுங்கள். அளந்து கொடுக்கிற பங்கு அது. தன் வீட்டுப் படி எவ்வளவு என்று தெரியாத குடும்பம் இந்த ஜெபத்தை வாயால் சொல்லலாம், வாழ்வது கஷ்டம். ஆகவே முதல் வேலை அளப்பது.

இங்கே ஒரு படி அரிசி என்றால் எட்டு கெட்டிப்பால் டின். 24 படி ஒரு மூட்டை, சுமார் 49 கிலோ. அப்படியானால் மூட்டையில் 192 டின் இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டின் உலையில் போட்டால் 38 நாள் வரும். உங்கள் வீட்டுக் கணக்கு இதுதானா என்று ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். டின்னைத் தலைதட்டி அளக்க வேண்டும். ஒரு நாள் குவித்து, ஒரு நாள் தட்டி அளந்தால் கணக்கே நிற்காது. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எத்தனை டின் என்று எழுதுங்கள், இரவில் வீணாய்ப் போன சோறு எவ்வளவு என்றும் எழுதுங்கள். தினமும் அரை டின் அரிசிச் சோறு குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டை முடிவதற்குள் இரண்டு படிக்கு மேல் போய்விடும். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு எழுந்த பிறகும், ஒன்றும் சேதமாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்ன கர்த்தர் அவர். எளிமை உலையிலிருந்து தொடங்கட்டும்.

இப்போது அந்த எல்லைக்கு வருவோம். யாத்திராகமம் 16-ஐ ஒரே மூச்சில் படித்தால், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் உணவாகத் தந்த மன்னாவுக்குச் சில ஒழுங்குகள் இருப்பது தெரியும். ஆளுக்கு ஒரு ஓமர். அது எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 லிட்டர். நம் ரங்கூன் படி அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெயில் ஏறினால் மன்னா உருகிவிடும், ஆகவே விடியற்காலையிலேயே போய்ப் பொறுக்க வேண்டும். கூடாரத்தில் படுத்துக்கொண்டு நம்பியவனுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மறுநாளைக்கு இருக்கட்டும் என்று வைத்தவனுடையது பூச்சி பிடித்து நாறிற்று. இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நாலு வசனம் தாண்டிப் பாருங்கள்: ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்லப்படுகிறது, அதை மறுநாளைக்கு வைத்தபோது நாறவும் இல்லை, பூச்சி பிடிக்கவும் இல்லை.

ஒரே பண்டம், ஒரே பாத்திரம். ஓய்வுநாளான ஏழாம் நாளில் பொறுக்க முடியாது என்பது முன்பே தெரிந்த காரியம், அதற்கு வைத்தது கீழ்ப்படிதல். என்ன ஆகுமோ என்று வைத்தது பயம். உங்கள் வீட்டுக்கும் ஓர் ஏழாம் நாள் இருக்கிறது. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ரங்கூனில் மழை. கொத்தனார், சித்தாள், மூட்டை தூக்குகிறவர், தெருவில் விற்கிறவர் எல்லோருக்கும் வேலை நாள் குறைகிற காலம் அது. வருஷா வருஷம் தெரிந்தே வருகிறது. அதற்கு வெயில் காலக் கூலியில் ஒதுக்குவது ஆறாம் நாள் மன்னாதான். எவ்வளவு ஒதுக்குவது? யோசேப்பு எகிப்தில் விளைச்சல் வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார். முழு வாரமும் வேலை இருந்த வாரத்தில் அந்த அளவுக்கு முயலுங்கள். நாலு நாள்தான் வேலை என்றால் ஒதுக்காமல் விடுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். முதல் இலக்கு ஒரு மூட்டை அரிசி, ஒரு மாத மருந்து, இரண்டு வாரக் கூலிக்குச் சமமான பணம். அது நிறைந்த பிறகும் இரண்டாம் மூட்டை, மூன்றாம் மூட்டை என்று கை போனால் அப்போது நின்று, மூப்பர் கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். லூக்கா 12-ல், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் பேசுவதைப் பாருங்கள். என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. அவன் பேச்சில் இன்னொரு மனிதரே இல்லை.

மூட்டையை வைக்கும் விதமும் முக்கியம், ஏனென்றால் மழைக்கால ஈரத்தில் நம் அரிசியும் மன்னாபோல ஆகும். மூட்டையைத் தரையில் சாய்க்காமல், செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். தேவையானதை மட்டும் மூடியுள்ள டின்னில் மாற்றுங்கள். அடியில் பழைய அரிசி கிடக்க மேலே புதியதைக் கொட்டாதீர்கள். வண்டு அப்படித்தான் பரவுகிறது. நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடலாம், பச்சை இலை போட்டால் ஈரம் சேரும். வண்டு வந்துவிட்டால் நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும். கடும் வெயிலில் காயவைத்த அரிசி வெடித்து நொறுங்கும், சோறு குழைந்துபோகும். பூசண வாடை வந்த அரிசியைச் சமைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

பணத்தை நம்பக் கூடாது என்று இந்த ஊரில் யாருக்கும் பிரசங்கம் தேவையில்லை. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அதே காலத்தில் கடைகள் தேசியமயமாகி, லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினார்கள். 1985-ல் மறுபடியும் நோட்டுகள் செல்லாததாயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின, மாற்றிக்கொள்ளவும் வழி தரவில்லை. பூச்சியும் துருவும் கெடுக்கும் என்ற வசனத்தை நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஆகவே எல்லாவற்றையும் நோட்டாகவே பெட்டியில் அடுக்காதீர்கள். கொஞ்சம் அரிசியாக, கொஞ்சம் பணமாக, கொஞ்சம் வீட்டுக்காரரின் நல்ல கரண்டி, ரசமட்டம் போன்ற தொழில் சாமானாக இருக்கட்டும். பிள்ளைகளின் படிப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கடனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாதம் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் பத்தாயிரம் வட்டி. பத்து மாதத்தில் ஒரு லட்சம் கட்டி முடித்திருப்பீர்கள், அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். கிறிஸ்துமஸ் துணிக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் இப்படி வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. கர்த்தர் தருவார் என்று சொல்லிக் கடன் வாங்குவது விசுவாசமாகாது. அவர் தருவதற்கு முன்பே செலவழித்துவிட்டு, அவர் பேரில் கணக்கு எழுதுவது அது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் 2 இராஜாக்கள் 4-ல், கடனில் மாட்டிய விதவையின் எண்ணெய் அற்புதமாகப் பெருகியபோது எலிசா தீர்க்கதரிசி அவளுக்குச் சொன்ன வரிசையைப் பிடியுங்கள்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு ஜீவனம்பண்ண வேண்டும். கடன் நடுவில் வருகிறது, சாப்பாடு கடைசியில். அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள், அது முடியும் வரை சேமிப்புக்கு ஒதுக்குவதை நிறுத்தி வையுங்கள். காதில் கிடப்பதை விற்று மீள முடியுமானால், அடகு வைப்பதைவிட விற்பதே நல்லது. அடகும் இன்னொரு வட்டிதானே. அடுத்தவருக்குப் பிணை நிற்காதீர்கள், நீதிமொழிகள் 6 அதை நேராகவே தடுக்கிறது.

சமையல் செலவுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயைத் தினமும் பத்து டிக்கல், பத்து டிக்கலாகப் பொட்டலத்தில் வாங்குகிறவர்கள் வீசைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நூறு டிக்கல் ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ. சில்லறையாக வாங்கினால் பெரும்பாலும் கூடத்தான் கொடுக்கிறோம். காலையில் அவித்த பட்டாணி, மத்தியானம் புளிச்சக்கீரை, கொஞ்சம் கருவாடு: இது சத்துள்ள சாப்பாடு, ஏழைச் சாப்பாடு என்று பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை இருந்தால் அதை மட்டும் ஒருபோதும் குறைக்க வேண்டாம். ஜெபித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசு.

கடைசியாக, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்பது பிடி அரிசி, அதாவது ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பது. தமிழ்நாட்டுச் சபைகளில் பழைய வழக்கம் இது. மிசோரம் சபைகளில் 1910 முதல் நடக்கிறது. நம் தெருவில் பௌத்த வீடுகளிலும் பானையிலிருந்து முதல் கரண்டிச் சோறு பிக்குகளின் பாத்திரத்துக்குத்தான் போகிறது. முதலில் எடுத்து வைப்பதை நமக்குச் சொல்லிக் கொடுக்க வெளியூர் ஆள் வேண்டாம்.

செய்முறை எளிது. அடுப்புக்குப் பக்கத்தில் மூடியோடு ஒரு தனி டின். அரிசியை அளந்த உடனே, கழுவுவதற்கு முன்பு, ஒரு பிடி அதில் போட வேண்டும். கழுவிய பிறகு எடுத்தால் புளித்துவிடும். சமைத்து மீந்ததைக் கொடுப்பதும் இதில் சேராது. ஒரு பிடி சுமார் 35 கிராம். இரண்டு வேளை உலைக்கு மாதம் 60 பிடி, 2 கிலோ 100 கிராம். அதாவது ஒரு படிக்குச் சற்றுக் கூடவே. 24 வீடுகள் சேர்ந்தால் மாதம் ஒரு மூட்டை. உங்களைப் போன்ற ஐந்து பேர் குடும்பம் 38 நாள் சாப்பிடலாம். உங்கள் பானையிலோ, ஒரு வேளைக்கு ஒரு பிடி குறைந்தது யாருக்கும் தெரியவே தெரியாது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை என்ற மன்னா வசனத்தைப் பவுல் 2 கொரிந்தியர் 8-ல் எடுத்துச் சொல்வது தர்மப் பணம் சேர்க்கிற இடத்தில்தான்.

இது கெட்டுப்போவது எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வீட்டிலிருந்து எத்தனை டின் என்று ஆராதனையில் வாசித்தால் ஆறு மாதத்தில் நின்றுவிடும், கொடுக்க முடியாதவர்கள் கோவிலுக்கு வருவதையே நிறுத்துவார்கள். மூன்று மாதம் சேர்த்து வைத்துக் கொண்டுவந்தால் பாதி வண்டாக இருக்கும், ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு தவறக் கூடாது. ரகம் ரகமாகக் கலந்த அரிசி ஒரே சீராக வேகாது. பச்சரிசி ஒரு சாக்கு, புழுங்கல் ஒரு சாக்கு என்று இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். வாங்குகிற வீட்டுக்கு இருட்டிய பிறகு, ஒரே ஒருவர் போய்க் கொடுக்க வேண்டும். போட்டோ எடுக்கவே கூடாது.

இந்த மழையில் வேலை நின்று, மூட்டையும் அடிதட்டினால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மாதர் சங்கத்து அக்கா ஒருவரிடம், "அக்கா, எங்கள் வீட்டில் வியாழக்கிழமை வரைதான் அரிசி இருக்கிறது" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். கஷ்டமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் அவர் ஜெபிப்பார். நாளைச் சொன்னால் புதன்கிழமை ராத்திரி அரிசியோடு வருவார். அந்தச் சாக்கிலிருந்து முதல் உலை வைக்கும்போதும் அடுப்புக்குப் பக்கத்து டின்னில் ஒரு பிடி போடுங்கள்.