மலிவு விலை வியட்நாம் சிமெண்ட்: கப்பல் கிடைக்கும், இறக்கி வைக்க இடம் எங்கே?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் வீடு கட்டித் தரும் பத்து சிறு கான்ட்ராக்டர்கள் நாங்கள். எல்லோருக்கும் சேர்த்து அடுத்த ஓராண்டுக்கு சுமார் 60,000 மூட்டை சிமெண்ட் தேவைப்படும். வியட்நாமிலிருந்து தூத்துக்குடிக்கு நேரடியாக வரவழைத்துத் தருகிறேன், மூட்டைக்கு நூறு ரூபாய் மிச்சமாகும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஐஎஸ்ஐ சான்றிதழ் நகலும் காட்டினார். ஆளுக்கு இரண்டு லட்சம் முன்பணம் கேட்கிறார். எங்களில் இருவர் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்த இருவரும் இந்த வாரமே திருப்பிக் கேட்கட்டும். அதை எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெளிநாட்டு சிமெண்ட் இந்தியாவுக்கு வரக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. 2007-இல் மத்திய அரசே அதன் மீதான சுங்க வரியை நீக்கி வழிவிட்டது. வியட்நாம் உலகின் பெரிய சிமெண்ட் ஏற்றுமதி நாடுகளில் ஒன்று என்பதும் உண்மை. அங்கே விலை குறைவு என்று உங்கள் ஏஜென்ட் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் சொல்வது அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை. உங்கள் சைட்டில் மூட்டை வந்து இறங்கும் விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?

முதலில் அளவைப் பாருங்கள். 60,000 மூட்டை என்பது 3,000 டன். வியட்நாமிலிருந்து சிமெண்ட் கொண்டுவருவது கட்டுப்படியாக வேண்டுமானால் 30,000 டன், அதற்கும் மேல் ஏற்றும் கப்பல் வேண்டும். 30,000 டன் என்றால் ஆறு லட்சம் மூட்டை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை என்று நீங்கள் போடும் அதே கணக்கில் 1,500 வீடுகள். உங்கள் பத்துப் பேரின் ஓராண்டுத் தேவை அந்தக் கப்பலில் பத்தில் ஒரு பங்குதான். மீதி 27,000 டன்னை யார் வாங்குகிறார்கள் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பெரிய பில்டர்கள் இருக்கிறார்கள் என்பார். பெயரும் ஆர்டர் நகலும் கேளுங்கள், வராது.

அடுத்தது இறக்குவது. சிமெண்ட் கடல் வழியாக ஒழுங்காக வருவது மூட்டையில் அல்ல, பொடியாக, கப்பலின் வயிற்றில் கொட்டி. அதைக் காற்றழுத்தத்தாலோ திருகு இயந்திரத்தாலோ உறிஞ்சி, மூடிய குழாய் வழியாகக் கரையில் இருக்கும் சிலோவுக்கு, அதாவது பொடியைச் சேமிக்கும் உயரமான தொட்டிக்கு, அனுப்ப வேண்டும். அங்கிருந்து பேக்கிங் இயந்திரத்துக்கோ, பொடியாகவே ஏற்றிப் போகும் பல்க்கர் லாரிக்கோ போகும். இத்தனையும் சேர்ந்ததுதான் டெர்மினல். அது இல்லாமல் பொடி சிமெண்டை ஒழுங்காக இறக்க முடியாது. நம் நாட்டில் அந்த டெர்மினல்கள் பெரும்பாலும் யார் கையில் இருக்கின்றன? சிமெண்ட் கம்பெனிகளின் கையில்தான். அம்புஜா 1990-களிலேயே குஜராத்தின் முல்துவாரகாவில் சொந்தத் துறைமுகம் கட்டி, கடல் வழியாக சூரத்துக்கும் மும்பைப் பக்கமும் பொடி சிமெண்ட் அனுப்பத் தொடங்கியது. பிறகு கொச்சியிலும் மங்களூரிலும் டெர்மினல் வைத்தது. காரைக்காலில் டெர்மினல் வைத்திருந்த பென்னா சிமெண்ட் கம்பெனியையும் 2024-இல் அது வாங்கிக்கொண்டது. சிமெண்ட் கனமான, விலை குறைந்த சரக்கு. சில நூறு கிலோமீட்டர் லாரியில் போனாலே லாபம் கரைந்துவிடும். கப்பலில் போனால் கரையாது. அதனால் கடலோர ஊர்களில் சிமெண்ட் விலையைத் தீர்மானிப்பது கரையில் சிலோ வைத்திருப்பவர்தான். கப்பலை யார் வேண்டுமானாலும் வாடகைக்குப் பிடிக்கலாம். அந்த சிலோவை உங்களுக்கு யார் வாடகைக்குத் தருவார்கள்? தங்கள் சிமெண்டோடு போட்டி போடும் சரக்கை இறக்க எந்தக் கம்பெனி இடம் கொடுக்கும்?

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. வாடகை கட்டி யாரும் இறக்கிச் சேமிக்கலாம் என்ற பொது சிமெண்ட் டெர்மினலை முக்கியத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் கட்டியிருக்க வேண்டும். நிலக்கரிக்கு இடம் உண்டு, உரத்துக்கு உண்டு, எண்ணெய்க்கு உண்டு. வீடு கட்டுபவன் வாங்கும் பொருளுக்கு மட்டும் இல்லை. சிமெண்ட் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தன என்று போட்டி ஆணையம் 2012-இல் பதினொரு கம்பெனிகளுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அது ரத்தாகி, திரும்ப விசாரித்து 2016-இல் மறுபடியும் போட்டது. 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அப்புறம் உச்ச நீதிமன்றம். இத்தனை வருடத்தில் நீங்கள் எத்தனை வீட்டுக்குக் கான்கிரீட் போட்டிருப்பீர்கள்! வழக்கு நடக்கும் வேகத்தில் விலை குறையும் என்று யாரும் காத்திருக்க முடியாது. அந்தத் தவிப்பைத்தான் இந்த ஏஜென்டுகள் காசாக்குகிறார்கள்.

டெர்மினல் இல்லாமல் இறக்க வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. உங்கள் ஏஜென்டும் அடுத்து அதைத்தான் சொல்வார், அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஜம்போ பை. ஒன்றரை, இரண்டு டன் பிடிக்கும் பெரிய பைகளில் அங்கேயே சிமெண்டை நிரப்பி, சாதாரண சரக்குக் கப்பலில் அடுக்கி, கப்பலின் சொந்தக் கிரேனாலேயே துறைமுகத்தில் கப்பல் நிறுத்தும் சாதாரண பெர்த்தில் இறக்குவது. சிலோ தேவையில்லை. இது நடக்கிற காரியம்தான், ஆனால் சில நிபந்தனைகள் எல்லாம் ஒன்றாகக் கூடிவர வேண்டும். மழை இல்லாத மாதமாக இருக்க வேண்டும். தூத்துக்குடியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை யோசிக்கவே கூடாது, ஏனென்றால் மழை வந்தால் கப்பலின் மூடியைச் சாத்திவிட்டு எல்லோரும் சும்மா உட்கார வேண்டும். உட்காரும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரர் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், போடுவார், அது உங்கள் தலையில்தான் விழும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஈரம் புகாத பெரிய ஷெட் வேண்டும். அந்த இரண்டு டன் பையை 50 கிலோ மூட்டையாக மாற்ற பேக்கிங் வசதி வேண்டும், அல்லது பையை அப்படியே பிரித்துக் கொட்டி, கான்கிரீட்டாகவே கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் பிளான்ட் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த சரக்கு மூன்று மாதத்துக்குள் தீர வேண்டும். துறைமுகத்துக்கு அருகே நாள்தோறும் நூற்றுக்கணக்கான டன் கொட்டும் ரெடிமிக்ஸ் கம்பெனிக்கு இது சரிப்படலாம். வீட்டுக்கு வீடு பத்து மூட்டை, இருபது மூட்டை என்று எடுக்கும் உங்களுக்குச் சரிப்படாது. 3,000 டன் உங்களுக்கு மட்டும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். மூட்டையாக்கிப் பத்து வரிசை உயரம் அடுக்கினாலும் சுமார் 20,000 சதுர அடித் தரை வேண்டும், நடக்க விடும் வழி தனி. ஓராண்டுக்கு எடுத்து வைத்த சிமெண்ட் மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழந்துவிடும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் கணக்கு. கடல் காற்று அடிக்கும் ஊரில் அதைவிட மோசமாகவே போகும்.

இனி அவர் காட்டிய சான்றிதழ். இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத சிமெண்டை விற்பது மட்டுமல்ல, இறக்குமதி செய்வதே சட்டப்படி குற்றம். “சொந்த உபயோகத்துக்குத்தானே” என்ற சமாதானம் சுங்கத்துறையில் எடுபடாது. ஐஎஸ்ஐ முத்திரை தரும் மத்திய அரசு அமைப்பான பிஐஎஸ் அதற்கான உரிமத்தைக் கொடுப்பது குறிப்பிட்ட தொழிற்சாலைக்கு. கம்பெனிக்கும் இல்லை, பிராண்டுக்கும் இல்லை, ஏஜென்டுக்கு நிச்சயமாக இல்லை. ஒரே கம்பெனிக்கு மூன்று ஆலை இருந்து ஒன்றுக்கு மட்டும் உரிமம் இருக்கும். அந்த நகலைக் காட்டி இன்னொரு ஆலையின் சரக்கை ஏற்றுவது பழைய தந்திரம். காலாவதியான உரிமத்தைக் காட்டுவது இன்னொன்று. நகலில் சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள். ஆலையின் பெயர், முகவரி, எந்த வகை சிமெண்ட், எந்தத் தேதி வரை என்று வரும். ஒரு எழுத்து ஒத்துப்போகவில்லை என்றாலும் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சரக்கு வளைகுடாவிலிருந்து வருகிறது என்று திடீரென மாற்றிச் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள், அது பாகிஸ்தான் சரக்காக இருக்கலாம். பாகிஸ்தானில் உற்பத்தியான எந்தப் பொருளும் வேறு நாடு வழியாகக் கூட வரக் கூடாது என்று 2025 மே மாதமே தடை போட்டாகிவிட்டது.

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: ஹை சீ சேல் ஒப்பந்தம். கப்பல் கடலில் இருக்கும்போதே சரக்கை உங்களுக்கு விற்றதாக எழுதிக்கொள்வார்கள். வரி மிச்சம், பேப்பர் வேலை சுலபம் என்று இனிப்பாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட நிமிடம் முதல் இறக்குமதியாளர் நீங்கள்தான். சுங்கத்துறைக்குக் கணக்குத் தாக்கல் செய்வதும் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுவதும் நீங்கள். முத்திரை இல்லை என்று சரக்கு மாட்டினால் பதில் சொல்வதும், அதைத் திருப்பி அனுப்பச் செலவழிப்பதும் நீங்கள். ஏஜென்ட் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார். இறக்குமதியாளர் குறியீட்டு எண் வாங்கித் தருகிறேன், ஆதாரும் பான் கார்டும் கொடுங்கள் என்று அவர் கேட்டிருந்தால், அது இதற்கான ஏற்பாடாக இருக்கலாம்.

சரி, விலை குறைய வழி? பத்துப் பேர் சேர்ந்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் பலம். அதைக் கப்பலுக்குச் செலவழிக்காமல் உள்ளூரில் பயன்படுத்துங்கள். நெல்லை, விருதுநகர், அரியலூர் பக்கம் ஆலைகளுக்குக் குறைவில்லை. தென்னிந்தியாவில் உற்பத்தித் திறன் தேவையைவிட அதிகம், ஆலைகள் முழு அளவில் ஓடுவதில்லை. மாதம் ஐயாயிரம் மூட்டை எடுக்கிறோம் என்று சேர்ந்து போய்க் கம்பெனியின் விற்பனை அதிகாரியிடமே நான்-ட்ரேடு ரேட், அதாவது டீலர் வழியாக இல்லாமல் மொத்தமாக எடுப்பவர்களுக்கான விலை, கேளுங்கள். ஆலை விலை, லாரி வாடகை, ஜிஎஸ்டி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டு, மூன்று கம்பெனிகளிடம் ஒரே நேரத்தில் கேளுங்கள், மாதக் கடைசியில் கேளுங்கள். விற்பனை இலக்கு முடியாதவர்கள் அப்போது இறங்கி வருவார்கள். நூறு ரூபாய் குறையாது. ஆனால் குறைகிற தொகை நிஜமாகக் கையில் நிற்கும். தமிழக அரசின் சிமெண்ட் நிறுவனமான டான்செம்மிடமும் விலை கேட்டுவிடுங்கள். டீலர் கடையில் “சில்லறை விற்பனைக்கு அல்ல” என்று அச்சடித்த மூட்டையை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் பில் போட்ட சரக்கு, தரத்தில் தகராறு வந்தால் கம்பெனி உங்களைக் கண்டுகொள்ளாது.

பணம் கொடுத்த இருவருக்கு: ஏஜென்டிடம் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் கொடுத்த தேதி, தொகை, எந்தக் கணக்குக்குப் போனது, என்ன சொல்லி வாங்கினார் என்பதை எழுதிப் பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஏழு நாளில் திருப்பிக் கேளுங்கள். பழைய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், சான்றிதழ் நகலையும் பத்திரப்படுத்துங்கள். “பணத்தைக் கப்பலுக்குக் கட்டிவிட்டேன்” என்றால் கப்பலின் பெயரையும் வாடகை ஒப்பந்த நகலையும் கேளுங்கள். கெடுவுக்குள் பணமோ அந்தக் காகிதமோ வராவிட்டால் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். பத்துப் பேரும் சேர்ந்தே போங்கள், இருவர் மட்டும் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.