பல் செட்டுக்குப் பட்டனா, கம்பியா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லை. போட்டிருக்கும் பல் செட் பேசும்போதே தூக்கிக்கொண்டு வருகிறது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர், முன்பக்கம் இரண்டு இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துப் பிரஸ் பட்டன் போன்ற இணைப்பில் செட்டை மாட்டலாம் என்றார். இன்னொருவரோ, இரண்டையும் உலோகக் கம்பியால் சேர்த்தால்தான் எலும்புக்குப் பளு குறையும் என்கிறார். எதைக் கேட்பது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்ட் என்பது 2002-ல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்களே முதல் தேர்வாகப் பரிந்துரைத்த முறை, அதில் தயக்கம் வேண்டாம்.

உங்கள் அம்மா கடைவாயில் மெல்லும்போது, அங்குள்ள ஈறு அமுங்குவதால் செட்டின் பின்பகுதி சற்றே கீழிறங்கும். ஆனால், இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்த்திசு இம்பிளாண்டுக்குக் கிடையாது என்பதால், எலும்போடு இறுகிய அது அசையாது. ஆகவே செட், இரண்டு இம்பிளாண்டுகளையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு சுழல முயலும். அந்தச் சுழற்சிக்கு இடம் தரும் இணைப்பாக இருந்தால் பளுவின் பெரும்பங்கை ஈறும் அதன் கீழுள்ள எலும்பும் ஏற்கும். இடம் தராவிட்டால் அதே விசை இம்பிளாண்டின் கழுத்தை வளைக்கப் பார்க்கும். இறுக்கமாகப் பிடிப்பதே நல்ல இணைப்பு என்று பலர் எண்ணுவதை நான் ஏற்பதில்லை.

பட்டன் வகையில் உருண்டைத் தலை கொண்டது சற்று உயரமானது. உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு விசையின் நெம்பலும் கூடும். லொக்கேட்டர் எனப்படும் இன்னொரு பட்டன் வகை தாழ்வானது, அதன் நைலான் வளையத்தை வெவ்வேறு இறுக்கங்களில் தேர்ந்தெடுக்கலாம், தேய்ந்தால் மாற்றலாம். பட்டனுக்குப் பதில் காந்தம் வைத்தும் மாட்டலாம்; அது பக்கவாட்டில் குறைவாகவே இழுக்கும், ஆனால் பிடிப்பும் குறைவு.

கம்பி இரண்டு இம்பிளாண்டுகளுக்கும் பளுவைப் பகிர்கிறது என்பது உண்மையே. ஆனால் உருண்டைக் கம்பியில் மாட்டும் கிளிப் சுழலும். தட்டையான பக்கங்கள் கொண்ட கம்பி அவ்வளவாகச் சுழல விடாது. கம்பியை இம்பிளாண்டைத் தாண்டிப் பின்னால் நீட்டினால் வளைவு விசை கூடும். செட்டுக்குள் இடமும் அதிகம் வேண்டும், கம்பியின் அடியைத் தினமும் சிறு பிரஷ்ஷால் சுத்தம் செய்யவும் வேண்டும். கை நடுங்கும் வயதில் இது சின்ன வேலை அல்ல.

ஆய்வகத்தில் இணைப்புகளிடையே விசை வேறுபாடு தெரிந்தாலும், நோயாளிகளைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஒப்பீட்டில் பட்டன், காந்தம், கம்பி ஆகியவற்றிடையே எலும்புத் தேய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, இரண்டு இம்பிளாண்டுகளும் ஓரளவு இணையாக நிற்குமானால் லொக்கேட்டரே போதும் என்பது என் கருத்து. மேல்தாடைக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன், அங்கு எலும்பு மென்மையானது.

உங்கள் ஊர் அப்பளத்தை அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். கொட்டைப்பாக்கை ஒரே பக்கம் வைத்துக் கடிப்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பின்பக்க எலும்பு தேயத் தேயச் செட்டின் அடியில் இடைவெளி விழுந்து, எந்த இணைப்பானாலும் அதன்மேல் பளு ஏறும்; ஆண்டுக்கு ஒருமுறை காட்டி, தேவையானால் அடிப்பகுதியை நிரப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள்.