வெள்ளை சிவப்புக் கோட்டைத் தொடர்ந்து

சென்ற இதழில் தென்மேற்குப் பிரான்ஸின் லொத் பள்ளத்தாக்கில் நடந்துபோன அனுபவத்தை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் புதுச்சேரியில் பிறந்தவள். கணவருக்கு விமான உதிரிபாக ஆலையில் வேலை கிடைத்து, ஃபிஜாக் என்ற இந்தச் சிற்றூருக்கு வந்து 19 வருடமாகிறது. சனிக்கிழமை தவறாமல் நடக்கிறேன். அப்படி நடந்து தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

செப்டம்பரில் நானும் கணவரும் பத்து நாள் பிரான்ஸ் வருகிறோம். பாரிஸுக்கு நான்கு நாள். மீதி ஆறு நாளில் லுவார் கோட்டைகள், மோன் சான் மிஷேல், நீங்கள் எழுதிய லொத் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
— வாசகி, சேலம்

முடியும். ஆனால் செய்யாதீர்கள். ஒன்று நடுவில், ஒன்று வடமேற்கில், ஒன்று தென்மேற்கில் இருக்கிறது. ஆறு நாளில் பாதி ரயிலிலேயே போய்விடும். ஒரே பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே நடங்கள், அங்கேயே தூங்குங்கள்.

லொத்தையே சொல்கிறேன். பாரிஸ் ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லொத் ஆற்றங்கரை நகரமான கஓருக்கு நேர் ரயில் உண்டு. ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கஓர் நிலையத்திலிருந்து 15 நிமிடம் நடந்தால் வலான்த்ரே பாலம். 1308-ல் தொடங்கிய வேலை, பல பத்தாண்டுகள் இழுத்தது. அவ்வளவு காலம் ஆனதால் ஒரு கதையும் பிறந்துவிட்டது. பாலம் முடிகிறவரை சொன்ன வேலையெல்லாம் செய்தால் தன் ஆன்மாவையே தருவதாக மேஸ்திரி சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டானாம். வேலை முடியும் நேரத்தில், "கொத்தனார்களுக்குச் சல்லடையில் தண்ணீர் கொண்டு வா" என்றானாம். சாத்தான் தோற்றது. அந்தக் கோபத்தில் நடுக் கோபுரத்தின் மூலைக் கல்லை இரவுதோறும் பிடுங்கிப் போட்டதாம். 1879-ல் பாலத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் போல் கூ, அந்த மூலையில் கல்லைப் பிடித்து இழுக்கும் குட்டிச் சாத்தான் ஒன்றைச் செதுக்கி வைக்கச் செய்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினால் தெரியும்.

மறுநாள் ஃபிஜாக் போகும் பேருந்தில் ஏறி பூசியெஸில் இறங்குங்கள். அங்கிருந்து சான் சீர் லபோப்பி வரை ஆற்றங்கரைப் பாதை, நாலு கிலோமீட்டர் இருக்கும். அதில் ஒரு பகுதியைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே வெட்டியிருக்கிறார்கள். சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்துப் போவதற்காக, 19-ம் நூற்றாண்டில் வெட்டிய வழி. தலைக்கு மேல் பாறை குடைபோல் கவிந்திருக்கும், ஒரு பக்கம் ஆறு. சுவரில் பிற்காலச் சிற்பி ஒருவர் மீனும் சிப்பியும் நீர்ச்சுழலும் செதுக்கியிருக்கிறார். நான் எப்போது போனாலும் அந்தச் சுழலில் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்க்காமல் வரமாட்டேன். பாதை முடிந்து மேலே ஏறினால் ஊர். மதுப் பீப்பாய்களுக்கு மரத்தில் குழாய் கடைந்து பிழைத்த கடைசல்காரர்களின் ஊர் அது. கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1950-ல் பார்த்து மயங்கி, இங்கேயே வீடு வாங்கினார். ஜூலை, ஆகஸ்டில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. செப்டம்பர் காலையில் பூனைகள்தான் இருக்கும்.

அப்புறம் லொத்தில் வந்து கலக்கும் செலே ஆற்றை ஒட்டி மேலே வாருங்கள். கப்ரெரே, மர்சியாக், எஸ்பான்யாக் வழியாக ஃபிஜாக். மர்சியாக்கில் பாதி இடிந்த மடாலயம், மேற்கூரை இல்லாமல் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. எஸ்பான்யாக்கில் பழைய கன்னிமாடத்துக்குள்ளேயே நடைப்பயணிகள் தங்கும் விடுதி. ஃபிஜாக்கிலிருந்து பிரீவில் ரயில் மாறிப் பாரிஸ் திரும்பலாம்.

செப்டம்பரில் மூன்றாவது வார இறுதி கையில் கிடைக்கும்படி தேதியை அமையுங்கள். அதுதான் மரபுச் சின்னங்களின் நாட்கள். 1984-லிருந்து நடக்கிறது. மற்ற நாளில் பூட்டியே கிடக்கும் ஆலைகள், மாளிகைகள் பலவும் அன்று திறந்திருக்கும்.

பிரெஞ்சு ஒரு வார்த்தையும் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் காட்டுப் பாதையில் போகலாமா? வழி தவறினால்?
— வாசகர், கோவை

போகலாம். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கூடப் போகலாம். மரத்திலும் பாறையிலும் வேலிக் கம்பத்திலும் பெயின்ட் கோடு இருக்கும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் நெடும்பாதை. மஞ்சள் மட்டும் என்றால் ஊரைச் சுற்றி வரும் சிறு பாதை, பெரும்பாலும் அரை நாளில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் வட்டாரப் பாதை. கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு அம்புபோல் வளைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு கோடும் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் "இது உன் வழி இல்லை" என்று பொருள். 1947-ல் தொடங்கிய ஏற்பாடு இது. பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோடு போடுகிறவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள்தான். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள்.

பெருக்கல் குறியை நான் ஒருமுறை கவனிக்காமல் போய்விட்டேன். வந்த புதிது, நவம்பர் மாதம், பேச்சு சுவாரசியத்தில் நடந்துகொண்டிருந்தோம். இருபது நிமிடமாகியும் கோடே கண்ணில் படவில்லை. "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்றேன். அது தப்பு. ஐந்து மணிக்கெல்லாம் ஓக் மரங்களுக்கிடையே இருட்டிவிட்டது, நாய் குரைக்கிற பக்கமாக நடந்துதான் ஒரு பண்ணை வீட்டை அடைந்தோம். அந்த வீட்டம்மா சூப் கொடுத்து, காரிலேயே கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்கு: பத்து நிமிடம் கோடு தெரியவில்லையா, கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

வார்த்தை ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ளுங்கள்: பொன்ழூர். கடைக்குள் நுழையும்போதும், பேருந்தில் ஏறும்போதும், எதிரே ஆள் வரும்போதும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் மாறும். சொல்லிவிட்டுக் கையால் சைகை காட்டினாலும் கூடவே வந்து வழி காட்டுவார்கள்.

இன்னொன்று, பேருந்து. கிராமப்புறப் பேருந்துகளில் சில பள்ளி நாட்களில் மட்டும்தான் ஓடும். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். விடுதிக்காரரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் லா சப்பெல் பக்கம் 25 வருடமாக இருக்கிறோம். பிள்ளைகளோடு லூர்து மாதா கோயிலுக்கு வருடா வருடம் போவோம். வழியில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?
— யாழ்ப்பாணத்துத் தாயார் ஒருவர், பாரிஸ்

அக்கா, இருக்கிறது. கப்ரெரே ஊருக்கு மேலே, ஆதி மனிதர் ஓவியம் வரைந்த பெஷ் மெர்ல் குகை. இதேபோன்ற ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகையை 1963-ல் மூடிவிட்டார்கள், இப்போது அங்கே பார்ப்பது நகல்தான். பெஷ் மெர்லில் அசலையே பார்க்கலாம். அதைக் காப்பாற்றத்தான் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அதனால் முன்பதிவு கட்டாயம். குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

1922-ல் இந்த ஓவியங்களைக் கண்டுபிடித்தவர்கள் உங்கள் பிள்ளைகள் வயதுக்காரர்கள். ஆந்த்ரே தவித், ஆன்ரி துத்தெர்த்ர் என்ற இரண்டு பையன்கள், ஊர்ப் பாதிரியார் லெமோஸியின் ஆர்வம் தொற்றிக்கொண்டு, சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போயிருக்கிறார்கள். இந்தக் கதையை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே 12 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். படம் எடுக்கக் கூடாது. வழிகாட்டி ஒரு திருப்பத்தில் நின்று விளக்கைப் போடுவார். எதிரே இரண்டு குதிரைகள், ஒன்றன் பின்பாகத்தை ஒன்று மறைத்தபடி, உடம்பெல்லாம் கரும்புள்ளிகள். சுமார் 29,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள். வலப்பக்கக் குதிரையின் தலையைப் பாருங்கள். பாறையின் விளிம்பே குதிரை முகம்போல் இயற்கையாக நீண்டிருக்கிறது. வரைந்தவர் அந்தப் பாறைக்குள் குதிரையைப் பார்த்துவிட்டுத்தான் வரையத் தொடங்கியிருக்க வேண்டும். புள்ளிக் குதிரை வெறும் கற்பனை என்று பலர் நினைத்திருந்தார்கள். 2011-ல் பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட குதிரைகள் அக்காலத்தில் உண்மையிலேயே இருந்தன என்று தெரிந்தது.

குதிரைகளைச் சுற்றிக் கைகள். உள்ளங்கையைப் பாறையில் அழுத்தி வைத்து, மேலே வண்ணத்தை வாயால் ஊதிப் பதித்த கைத்தடங்கள். என் மகளுக்கு ஏழு வயதில் கூட்டிப்போனேன். தன் கையைக் காற்றில் தூக்கி, தூரத்திலிருந்தே அந்தக் கையோடு பொருத்தி வைத்துக்கொண்டு நின்றாள். குழு நகர்ந்த பிறகும் வரவில்லை. வேறோர் இடத்தில் களிமண் தரையில் அக்கால மனிதரின் கால்தடம் இருக்கிறது, விரல் பதிவோடு. இன்னோர் இடத்தில், மேலே தரையில் நிற்கும் ஓக் மரத்தின் வேர் கூரையைத் துளைத்துக்கொண்டு நீர் தேடிக் கீழே இறங்குகிறது.

நேரமிருந்தால் எங்கள் ஃபிஜாக்குக்கும் வாருங்கள். எகிப்திய எழுத்தின் புதிரை 1822-ல் அவிழ்த்த ஷாம்போலியோன் பிறந்த ஊர் இது. ஒரு முற்றம் முழுக்க, அந்தப் புதிரை அவிழ்க்க உதவிய ரொசெட்டா கல்லின் பெரிய நகலைத் தரையாகவே போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எழுத்து மேல் நடக்கலாம்.

நாங்கள் சுத்த சைவம். கிராமத்தில் என்ன சாப்பிடுவது?
— வாசகி, மதுரை

இது வாத்து நாடு. உருளைக்கிழங்கு வறுவலைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள், சாலட்டில் கேட்காமலே பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். அதனால் அறை பதிவு செய்யும்போதே "இறைச்சி, மீன், கொழுப்பு எதுவும் கூடாது" என்று எழுதிவிடுங்கள். சொல்லிவிட்டால் அக்கறையாகச் சமைத்துத் தருவார்கள். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், வால்நட் எண்ணெய், வால்நட் பணியாரம் எல்லாம் இந்த மண்ணின் சரக்கு. ரொக்கமதூர் சீஸ் கைக்கு அடக்கமான சிறு வில்லை, வெறும் ரொட்டியோடே சாப்பிடலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் உணவகத்தில் அடுப்பு அணைந்துவிடும். திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது. ஞாயிறு காலையே ரொட்டி வாங்கி வையுங்கள். எலுமிச்சை ஊறுகாய் சின்ன டப்பா ஒன்று இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். கோயில் சிற்பம் என்றால் உயிர். அங்கே பார்க்கத்தக்க கல் வேலை உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

ஐயா, உங்களுக்குக் கொங்க். ஃபிஜாக்கிலிருந்து 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட மலைக் கிராமம். லெ புய் நகரத்திலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் இருக்கிறது. சான்த் ஃபுவா என்ற சிறுமிப் புனிதையின் ஆலயம் அங்கே. அவளுடைய எலும்புகள் முதலில் அழான் என்ற ஊரில் இருந்தன. 9-ம் நூற்றாண்டில் கொங்க் துறவி ஒருவர் அங்கே போய்ப் பல வருடம் நம்பிக்கையாக இருந்து, ஒருநாள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது ஊர் வரலாறு. அதற்குப் பிறகுதான் யாத்திரிகர் பெருகி ஊர் வளர்ந்தது.

வாசல் மேல் அரைவட்டத்தில் இறுதித் தீர்ப்புக் காட்சி. 12-ம் நூற்றாண்டு வேலை, 124 உருவங்கள். வண்ணத்தின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. இயேசுவின் வலக்கைப் பக்கம் ஒழுங்கு, அமைதி, தூண்களுக்கிடையே அமர்ந்த மனிதர்கள். இடக்கைப் பக்கம் நரகம், ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடக்கிறார்கள். நடுவில் மிக்கேல் தேவதூதர் தராசு பிடிக்க, எதிரே நிற்கும் சாத்தான் தட்டைத் தன் விரலால் நைசாக அழுத்துகிறது. அந்த விரலைப் பாருங்கள் ஐயா. நம் ஊர்ச் சந்தையில் தராசு பார்த்தவர் எவருக்கும் அது புரியும். வளைவின் ஓரத்தில் கல்லையே துணி விளிம்புபோல் மடித்து, அதைப் பிடித்துக்கொண்டு சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன, மூக்கும் விரலும் மட்டும் தெரிய. கீழே நிற்கும் நம்மைத்தான் பார்க்கின்றன.

வாசல் மேற்குப் பார்த்தது. அதனால் மாலையில் போங்கள், சாய்ந்த வெயில் ஒவ்வொரு முகத்தையும் தனியாக எடுத்துக் காட்டும். உள்ளே ஜன்னல்கள் பியர் சூலாழ் செய்தவை, மொத்தம் 104, 1994-ல் வேலை முடிந்தது. பக்கத்து ரொதேஸ் நகரத்துக்காரர், சிறு வயதில் இந்த ஆலயத்தைப் பார்த்துத்தான் கலைஞராக முடிவு செய்தவர். நிறமே இல்லாத கண்ணாடி, கருங்கோடுகள் மட்டும். ஆனால் வெளியே வெளிச்சம் மாற மாற உள்ளே நீலமும் ஆரஞ்சும் வந்து போகும். ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

தனியாக நடக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பா?
— வாசகி, திருச்சி

நான் தனியாகத்தான் பெரும்பாலும் நடக்கிறேன், மனிதரால் பயம் வந்ததில்லை. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு உடை போடுங்கள், வேட்டைப் பலகை வைத்திருந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். கோடையில் உண்ணி. மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். மேட்டுச் சமவெளி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பெய்த மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும், ஓடை கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீர் தூக்கியே ஆக வேண்டும். தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேயும் ஆடுகளைப் பார்த்து நில்லாமல் வராதீர்கள். வெள்ளை ஆடு, காது கருப்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கருவளையம்.

கிராமத்துத் தேவாலயங்கள் பூட்டியே இருக்கின்றன என்று போய்வந்த நண்பர் சொன்னார். உள்ளே பார்க்க வழி உண்டா?
— வாசகர், காரைக்கால்

உண்டு. 1905 சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்ததிலிருந்து, அதற்கு முன் கட்டிய கிராமத் தேவாலயங்களில் மிகப் பெரும்பாலானவை ஊராட்சியின் சொத்து. அதனால் சாவி பாதிரியாரிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. மேயர் அலுவலகத்தில் கேளுங்கள். அது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும் என்பதால், கதவில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள், சில ஊரில் யார் வீட்டில் சாவி என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால் எதிர் வீட்டைத் தட்டுங்கள்.

செலே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நான் அப்படித் தட்டினேன். கை முழுக்க மாவோடு ஒரு பாட்டி வந்தார். கேட்டதும் உள்ளே போய், என் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி எடுத்து வந்தார். அடுப்பில் ரொட்டி இருப்பதால் கூட வர முடியாது என்றார். இடப்பக்கச் சுவரில் பழைய ஓவியம் இருக்கிறது, விளக்கு ஸ்விட்ச் தூணுக்குப் பின்னால், கதவை மேலே தூக்கினாற்போல் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத என் கையில் சாவியைக் கொடுத்தார். முடிந்ததும் ஜெரேனியம் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.